உதட்டுச் சுரப்பி கண்ணை நனைக்குமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர், விவசாயக் குடும்பம். என் தங்கச்சிக்கு வயது 24. நாலு வருஷத்துக்கு முன்னால் வலிப்புக்காகக் கார்பமாசெபைன் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்து, உடம்பெல்லாம் கொப்புளம் போட்டுத் தோல் உரிந்தது. வாயும் கண்ணும் ஒரே புண். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்று பேர் சொன்னார்கள். உயிர் பிழைத்துவிட்டாள், தோலும் ஆறிவிட்டது, கண் மட்டும் ஆறவில்லை. அரை மணிக்கு ஒருதரம் சொட்டு மருந்து விடுகிறாள். வெளிச்சத்தில் கண் திறக்க முடியவில்லை. வலது கண் மங்கலாகிவிட்டது. அழுதால்கூடக் கண்ணீர் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது என்கிறாள். உதட்டில் இருக்கும் எச்சில் சுரப்பியை எடுத்துக் கண்ணில் வைக்கிறார்கள் என்று வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் சொன்னார். உண்மையா? எச்சில் கண்ணைக் கெடுக்காதா? சாப்பிடும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் கொட்டுமாமே? எங்கள் அம்மா தன் சுரப்பியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இல்லாவிட்டால் தானமாக வரும் கண்ணை வைக்க முடியுமா?

பதில்: தம்பி, உங்கள் சொந்தக்காரர் சொன்னது உண்மைதான். உதட்டின் உள்பக்கத்தில் இருக்கும் சிறிய எச்சில் சுரப்பிகளை எடுத்து இமைக்கு உள்ளே வைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. அதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை, ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் செய்கிறார்கள். ஆனால் உங்கள் தங்கச்சிக்கு முதலில் செய்ய வேண்டியது அதுதானா என்றால், கடிதத்தை வைத்துப் பார்க்கையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் இமையின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். இந்த நோயில் வறட்சியால் மட்டும் பார்வை போவதில்லை. இமை உரசி உரசியும் போகிறது, அந்த உரசலைத்தான் எல்லோரும் கவனிக்காமல் விடுகிறார்கள்.

தோல் உரிந்த அந்த நாட்களில் இமைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வும் உரிந்திருக்கும். கண்ணீர்ச் சுரப்பி கண்குழியின் மேல்பக்கம், வெளி ஓரமாக இருக்கிறது. அதிலிருந்து கண்ணீரைக் கொண்டுவரும் நுண்குழாய்கள் மேல் இமைக்கு அடியில்தான் திறக்கின்றன. புண் ஆறித் தழும்பு விழும்போது அந்த வாய்கள் அடைபட்டுப் போகும். சுரப்பி உள்ளே நன்றாக இருந்தால்கூடக் கண்ணீர் வெளியே வர வழியில்லை. அழுதாலும் எரிகிறதே தவிர நனையவில்லை என்று அவர் சொல்வதற்கு இது காரணமாக இருக்கலாம். அதோடு கண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. சீக்கிரம் காயாமல் காக்க மேலே ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கிறது, கருவிழியில் ஒட்டி நிற்க அடியில் வழுவழுப்பான கோழைப் படலம் இருக்கிறது. எண்ணெய் இமை ஓரத்துச் சுரப்பிகளிலிருந்து வருகிறது, கோழை அந்தச் சவ்விலிருந்து வருகிறது. இந்த நோய் இரண்டையும் அடிக்கிறது. அரை மணிக்கு ஒருதரம் விட்டும் சொட்டு மருந்து கண்ணில் தங்காமல் போவது அதனால்தான்.

இமைக்கு வருகிறேன். இமையின் உள் ஓரம் ஈரமாக, வழவழவென்று இருக்க வேண்டிய இடம். புண் ஆறும்போது அங்கே வெளித்தோலைப் போலக் கெட்டியான தோல் படர்ந்துவிடும். சில இமை முடிகளும் உள்பக்கம் திரும்பிக்கொள்ளும். நாம் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை கண் சிமிட்டுகிறோம். ஒவ்வொரு தடவையும் கருவிழிமேல் உப்புத்தாளைத் தேய்ப்பது மாதிரிதான், அதுவும் வறண்ட கண்ணில். வருஷக்கணக்கில் இப்படித் தேய்ந்தால் கருவிழியின் விளிம்பில் இருந்து அதன் மேல்தோலைப் புதுப்பிக்கும் மூலச்செல்கள் அழிந்துபோகும். அப்புறம் வெள்ளை விழியின் ரத்த நாளங்கள் கருவிழிக்குள் ஏறும், பார்வை மறையும். வலது கண் மங்கல் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே இது தொடங்கிவிட்டதா என்று தாமதிக்காமல் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணின் இமைகளையும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இடது கண் இன்னும் தெளிவாக இருக்கிறதென்றால், அதைக் காப்பாற்ற இதுதான் நேரம்.

இதைச் சரிசெய்யவும் உதட்டிலிருந்துதான் திசு எடுக்கிறோம். ஆனால் சுரப்பியை எடுப்பதில்லை, மேல் சவ்வை மட்டும் எடுக்கிறோம். கீழ் உதட்டின் உள்பக்கத்திலிருந்து மெல்லிய பட்டையாக எடுத்து, இமை ஓரத்தில் படர்ந்த கெட்டித் தோலை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் பொருத்துவார்கள். வாய்ச் சவ்வு இயல்பிலேயே மென்மையானது, இமையில் வைத்த பிறகும் மென்மையாகவே இருக்கும். உரசல் நின்றுவிடும். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் இந்த நோயில் இதன் பலனை 2010-லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். கருவிழி தெளிவாக இருக்கும்போதே செய்தால் அதன் பலன் மிகப் பெரிது. குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம் செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், இந்த நோயாளிகளுக்கு அதிக நன்மை செய்யும் அறுவை சிகிச்சை இதுதான். ஆனால் இதன் பேர் வெளியே தெரிவதில்லை, யாரும் கேட்டு வருவதும் இல்லை. வருஷக்கணக்கில் சொட்டு மருந்தை மட்டும் மாற்றி மாற்றி விட்டுவிட்டு, கருவிழி வெளுத்த பிறகு வருகிறார்கள். மனசு ஆறுவதில்லை எனக்கு.

இன்னொரு விஷயம். இரண்டு சிகிச்சைக்கும் அதே உதடுதான். இமைக்கு எவ்வளவு வேண்டும், சுரப்பிக்கு எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். அவசரப்பட்டு முதலில் சுரப்பியை வைத்துவிட்டு, இமை உரசலை அப்படியே விட்டால், கண் கொஞ்சம் நனையும், கருவிழி தேய்வது நிற்காது.

சரி, இப்போது சுரப்பி. சாப்பிடும்போது கண்ணில் கொட்டும் என்று நீங்கள் கேள்விப்பட்டது ஒரு பழைய முறையைப் பற்றியதாக இருக்கும். 1951-ல் சோவியத் கண் மருத்துவர் ஃபிலாடோவும் அவருடைய சகாவும் ஒரு வழியை எழுதினார்கள். காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய எச்சில் சுரப்பியின் குழாயைத் திசைதிருப்பிக் கண்ணுக்குள் விடுவது. கண் நனைந்தது உண்மை. ஆனால் சுரப்பியின் நரம்பு பழையபடியே இருந்ததால், சாப்பாட்டில் கை வைத்ததும் கண்ணிலிருந்து வழிய ஆரம்பித்தது. அப்புறம் 1986-ல் ஸ்பெயின் மருத்துவர் முருபே வேறு வழியை வெளியிட்டார். தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியையே முழுசாக எடுத்து நெற்றிப்பொட்டுப் பக்கம் வைத்து, ரத்தக் குழாய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இணைத்து, சுரப்பியின் குழாயை இமைக்கு உள்ளே திறந்துவிடுவது. ஜெர்மனியிலும் சீனாவிலும் இதைப் பலருக்குச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் நிறைய வரும். அதுவே தொந்தரவும். வெயிலில் நின்றாலோ, உடம்பு உழைத்தாலோ சுரப்பு கூடிவிடும். அந்த நீர் கண்ணீரைவிட உப்புக் குறைந்தது, அளவு மீறினால் கருவிழியின் மேல்தோல் நீர் கோத்து வீங்கும். சுரப்பியில் ஒரு பகுதியை மறுபடி வெட்டிக் குறைக்க வேண்டிவரும். அறுவை சிகிச்சையும் பெரியது, ரத்தக் குழாய் இணைக்கத் தெரிந்த குழு வேண்டும். சித்திரை வெயிலில் களத்து வேலை பார்க்கும் குடும்பத்துக்கு இதை நான் எடுத்தவுடன் சொல்ல மாட்டேன்.

உங்கள் சொந்தக்காரர் சொன்னது மூன்றாவது வகை. கீழ் உதட்டின் உள்பக்கத்தை நாக்கால் அழுத்தித் தடவினால் சின்னச் சின்ன முண்டுகளாகத் தட்டுப்படும், அவைதான் அந்தச் சிறு சுரப்பிகள். பெரிய சுரப்பிகள் சாப்பாட்டைப் பார்த்து நரம்பு ஏவினால்தான் வேகமாகச் சுரக்கும். இவை ஏவலுக்குக் காத்திராமல் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்துகொண்டே இருக்கும். கண்ணுக்கு வேண்டியது இப்படிப்பட்ட சுரப்புதான். சுரப்பதும் கோழைத்தன்மை உள்ளது, அதனால் கண்ணில் ஒட்டி நிற்கும். எச்சில் என்றதும் பயப்பட வேண்டாம். வாயில் இருக்கும் அழுக்கும் கிருமியும் சுரப்பியோடு கண்ணுக்கு வந்துவிடுவதில்லை. கண்ணீரில் இருப்பது போலவே கிருமியை எதிர்க்கும் புரதங்கள் இந்தச் சுரப்பிலும் இருக்கின்றன.

உதட்டுச் சவ்வையும் அடியில் இருக்கும் சுரப்பிகளையும் ஒரே துண்டாக எடுத்து, இமைக்கும் கண்ணுக்கும் இடையில் இருக்கும் மடிப்பில் வைத்துத் தைப்பார்கள். ரத்தக் குழாய் எதையும் இணைக்க வேண்டியதில்லை. சுற்றியுள்ள திசுவிலிருந்து சில நாட்களில் புது ரத்த ஓட்டம் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் அந்தத் துண்டு கருகிப்போகலாம். மடிப்பே இல்லாமல் இமை கண்ணோடு ஒட்டிப்போயிருந்தால், முதலில் அந்த இடத்தை உண்டாக்கிய பிறகுதான் சுரப்பியை வைக்க முடியும். உதட்டுப் புண் சில வாரங்களில் ஆறிவிடும். அது வரைக்கும் காரமும் சூடும் ஆகாது, மோர் சாதம், இட்லி என்று போக வேண்டும். கீழ் உதட்டில் மரமரப்பு மாதக்கணக்கில் இருக்கலாம், சிலருக்குக் கொஞ்சம் நிலைத்தும் விடும். மேல் இமை சற்றுத் தொங்கியது போலத் தெரியலாம்.

இவ்வளவுக்கும் பிறகு என்ன கிடைக்கும்? எரிச்சல் குறையும், கண்ணைத் திறந்து வைக்க முடியும், சொட்டு மருந்துக்கு இடையில் உள்ள நேரம் கூடும். சொட்டு மருந்தே வேண்டாம் என்ற நிலை பெரும்பாலோருக்கு வருவதில்லை. பார்வை சிலருக்குக் கொஞ்சம் தெளியும், ஆனால் பார்வைக்காகச் செய்யும் அறுவை சிகிச்சை இது அல்ல. ஆபரேஷன் முடிந்ததும் பழையபடி படிக்கலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அதை நம்பி ஒத்துக்கொள்ளாதீர்கள். என்ன பலனுக்காகச் செய்கிறோம் என்று தங்கச்சிக்கே தெரிந்திருக்க வேண்டும். எரிச்சல் இல்லாமல் ஒரு நாளைக் கழிப்பது அவருக்குப் பெரிய விஷயமாக இருக்கலாம். அதை அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களோ நானோ அல்ல.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கண்ணும் வாயும் சேர்ந்து வறளும் ஷோக்ரென் என்ற நோய் இருப்பவர்களுக்கு உதட்டுச் சுரப்பிகளே நோயில் மாட்டியிருக்கும், அவற்றைக் கண்ணில் வைத்துப் பயனில்லை. உங்கள் தங்கச்சிக்கும் அந்த நேரத்தில் வாயெல்லாம் புண்ணாக இருந்தது என்பதால், உதட்டின் உள்பக்கம் தழும்பு இல்லாமல் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வயதானவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்து வெற்றிலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு புகையிலையும் பாக்கும் சேர்த்து அடக்கி அடக்கி வாய்ச் சவ்வு இறுகிப்போனால், புற்றுநோய் ஆபத்து ஒரு பக்கம் இருக்க, நாளைக்கு இமைக்கோ கண்ணுக்கோ எடுக்க நல்ல சவ்வே கிடைக்காமல் போகும்.

அம்மா கேட்டதற்கு வருகிறேன். சுரப்பியை அவரிடமிருந்து எடுக்க முடியாது. இன்னொருவர் திசுவை உடம்பு எதிர்க்கும், அதை அடக்க வருஷக்கணக்கில் பலத்த மருந்து சாப்பிட வேண்டும். ஏற்கெனவே ஒரு மருந்தால் உயிர் போய் வந்த பெண்ணுக்கு அதைச் செய்யத் தேவையில்லை, அவருடைய உதட்டிலேயே சுரப்பி இருக்கிறது. அம்மாவால் செய்ய முடிந்த உதவி வேறு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

தானக் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தானமாக வரும் கருவிழியை ஈரமில்லாத, இமை உரசும் கண்ணில் வைத்தால் அது நிலைக்காது. மேல்தோல் ஆறாமல் புண்ணாகி, உருகி, சில சமயம் ஓட்டையே விழுந்து, இருந்த கொஞ்சப் பார்வையும் போய்விடும். கண் தானம் எத்தனையோ பேருக்குப் பார்வை தருகிறது, நீங்களும் எழுதிக் கொடுங்கள். இந்த நோய்க்கு மட்டும், கண்ணின் மேற்பரப்பைச் சரிசெய்யாமல் யாராவது கருவிழி மாற்று செய்யலாம் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு கருவிழி நிபுணரிடம் காட்டுங்கள். இரண்டு கண்ணும் முற்றிலும் வறண்டு பார்வை போனவர்களுக்குக்கூடக் கடைசியாக ஒரு வழி இருக்கிறது. அவர்களுடைய பல்லையே சுற்றியுள்ள எலும்போடு எடுத்து, நடுவில் ஒரு சிறிய லென்ஸைப் பொருத்திக் கண்ணில் வைக்கும் அறுவை சிகிச்சை. இத்தாலியில் 1960-களில் ஸ்ட்ராம்பெல்லி தொடங்கியது, சங்கர நேத்ராலயாவில் செய்கிறார்கள். உங்கள் தங்கச்சி அந்த நிலையில் இல்லை. வழி அடைந்துவிடவில்லை என்று தெரியட்டும் என்பதற்காகச் சொன்னேன்.

இமை சரியான பிறகு, பார்வைக்கு நான் அதிகம் நம்புவது ஸ்க்ளீரல் லென்ஸ். சாதாரண கான்டாக்ட் லென்ஸைவிடப் பெரியது. கருவிழியைத் தொடாமல் வெள்ளை விழியில் உட்காரும். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் சலைன் என்ற கிருமி நீக்கிய உப்புநீர் நிற்கும், அதனால் கருவிழி பகல் முழுக்க நீரிலேயே இருக்கும். கருவிழி மேடுபள்ளமாக இருப்பதால் வரும் மங்கலும் தெளியும். பலர் இதைப் போட்ட பிறகு சுரப்பி அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஆனால் சுத்தம் மிக முக்கியம். பம்பு செட் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர், காய்ச்சி ஆறிய தண்ணீர் எதுவும் லென்ஸில் படக் கூடாது. தண்ணீரில் இருக்கும் அமீபா வகைக் கிருமி ஒன்று கருவிழியை அரித்துவிடும். மருத்துவர் சொன்ன சலைன் மட்டும்தான், ராத்திரி கழற்றிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை சில விஷயங்கள். இப்போது விடும் சொட்டு மருந்தில் ப்ரிசர்வேட்டிவ், அதாவது மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள், இருக்கிறதா என்று பாட்டிலில் பாருங்கள். நாலைந்து தடவைக்குப் பரவாயில்லை, அரை மணிக்கு ஒருதரம் விட்டால் அதுவே கருவிழியை அரிக்கும். ப்ரிசர்வேட்டிவ் இல்லாததாக மாற்றச் சொல்லுங்கள். அவருடைய ரத்தத்திலிருந்தே சீரம் என்ற தெளிந்த நீரைப் பிரித்துச் செய்யும் சொட்டு மருந்தும் நல்ல பலன் தரும், ஆனால் ஃப்ரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும், மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றிலும் பஸ் ஜன்னல் ஓரத்திலும் பக்கவாட்டில் மூடிய கண்ணாடி போடச் சொல்லுங்கள். விறகடுப்பு, நெல் அவிக்கும் இடம் பக்கம் வேண்டாம். முக்கியமாக அறுவடை சமயம். மெஷின் ஓடும்போது பறக்கும் பதரோ சுணையோ வறண்ட கண்ணில் பட்டால் பூஞ்சைப் புண் வந்துவிடும், நம் ஜில்லாக்களில் அது சாதாரணம். அவருக்குக் கருவிழியில் உணர்ச்சி மந்தமாக இருந்தால் பட்டதே தெரியாது. கண் திடீரென்று சிவந்தாலோ வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடாதீர்கள். நந்தியாவட்டைப் பூ, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். இதில் அம்மாவின் உதவி வேண்டும். காலையில் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கருவிழியையும் பார்ப்பது அவர் பொறுப்பாக இருக்கட்டும், அக்கம்பக்கத்தில் சொல்லும் கைவைத்தியத்தைத் தடுப்பதும் அவரால்தான் முடியும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. புது மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு சேர்ந்து வந்தால் மாத்திரை கொடுத்த மருத்துவரிடம் அன்றே ஓடுங்கள். வார்டில் சேர்த்திருந்தால், கண் மருத்துவரை அன்றைக்கே கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். முதல் வாரத்துக்குள், தாமதமானால் பத்து நாளைக்குள், பிரசவத்தில் தானமாகப் பெற்ற பனிக்குடச் சவ்வைக் கண்ணிலும் இமை ஓரத்திலும் விரித்துத் தைத்தால், நான் மேலே சொன்ன தழும்பையும் ஒட்டுதலையும் பெரும்பாலும் தடுக்கலாம். உயிரைக் காப்பாற்றும் பரபரப்பில் கண்ணை யாரும் நினைப்பதில்லை. நீங்கள் நினைவுபடுத்துங்கள்.

இப்போது அவர் வலிப்புக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. கார்பமாசெபைன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஃபெனிடாயின், ஃபீனோபார்பிடால், ஆக்ஸ்கார்பசெபைன், லாமோட்ரிஜின் போன்றவையும் அதே ஆபத்தைத் தரலாம். நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு ஒரு அட்டையில் எழுதி எப்போதும் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். தானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. உங்களுக்கோ அம்மாவுக்கோ எப்போதாவது வலிப்பு மாத்திரை எழுதினால் தங்கச்சிக்கு நடந்ததைச் சொல்லுங்கள், இதில் பரம்பரைக் கூறும் உண்டு.

முதலில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி கண் பிரிவில் காட்டி, கருவிழி நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். சென்னை என்றால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் இருக்கிறது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது விடும் சொட்டு மருந்து பாட்டில்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்தச் சிகிச்சைக்கு அட்டை செல்லும் என்று தேதி குறிப்பதற்கு முன்னாலேயே காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள். இமைக்குள் காகிதப் பட்டையை ஐந்து நிமிடம் வைத்து ஈரத்தை அளக்கும் ஸ்கிர்மர் சோதனை செய்வார்கள், ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடுமையான வறட்சி. அந்த அளவு, இமை ஓரத்தில் தோல் படர்ந்திருக்கிறதா, இமை மடிப்பு எவ்வளவு ஆழம் இருக்கிறது, இந்த மூன்றையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். இமையா, லென்ஸா, சுரப்பியா, எது முதலில் என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.